இரவலும் கணக்கும்

அண்டை அயலார் ஒருவருக்கொருவர் பொருளை இரவல் கொடுத்து வாங்குவது நற்பண்பு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. திருமறையின் 107ஆவது அத்தியாயமாகிய ‘அல்மாஊன்’ அற்பப் புழங்குபொருளையும் தர மறுப்போரைக் கண்டித்தே நிறைவுறுகிறது. வாளி, பானை, கோடரி போன்றவையே ‘மாஊன்’ என இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் தந்ததாக விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். இரவல் கொடுப்பது அறம் என்பது இதனால் தெளிவு. ஆனால் இரவலுக்குக் கணக்கு வைப்பது அறமா? கணக்கு வீட்டினுள் நுழைந்தால் அன்பு வெளியேறிவிடும் என்று கருதுவோர் பலர். அக்கருத்தை எடைபோட்டுப் பார்க்க, அமெரிக்காவின் சரக்கு ரயில்களில் நமக்கொரு தக்க சான்று இருக்கிறது.

நம் நாட்டில் இருப்புப் பாதை பெரும்பாலும் அரசின் உடைமை. அமெரிக்காவிலோ பெரிய சரக்கு ரயில் பாதைகள் தனியார் நிறுவனங்களுக்குச் சொந்தம். பாதையும் அவர்களுடையது, எஞ்சினும் அவர்களுடையது. பி.என்.எஸ்.எஃப். என்னும் நிறுவனத்தின் பாதைகள் பெரும்பாலும் நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ளன, சி.எஸ்.எக்ஸ். நிறுவனத்தின் பாதைகள் கிழக்கில் உள்ளன. மேற்குக் கரைத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு கிழக்கே செல்ல வேண்டுமாயின், சிக்காகோ போன்ற சந்திப்பில் ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றிடம் கைமாற வேண்டும். அங்கே எஞ்சினைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினால் காலம் விரயமாகும். ஆதலால் பல வண்டிகளில், கொண்டுவந்த எஞ்சின்களே வண்டியோடு அடுத்தவர் பாதையிலும் தொடர்கின்றன. ஓட்டுநர்கள் மட்டுமே மாறுகின்றனர். ஒரு நிறுவனத்தின் வண்ணம் பூசிய எஞ்சின் மற்றொரு நிறுவனத்தின் பாதையில் உழைப்பது அங்கே அன்றாடக் காட்சி.

இந்த இரவலை அவர்கள் தீர்க்கும் முறைதான் நம் கவனத்திற்குரியது. எஞ்சினின் குதிரைத்திறனை, அது பிறர் கையில் இருந்த மணிகளால் பெருக்குகிறார்கள். 4,400 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் 24 மணி நேரம் இரவலாக இருந்தால், கடன் 1,05,600 குதிரைத்திறன் மணி. இக்கடனைப் பெரும்பாலும் உழைப்பாலேயே அடைக்கிறார்கள். வாங்கியவரிடம் 3,000 குதிரைத்திறன் எஞ்சின்தான் உண்டென்றால், அதனை 35 மணி 12 நிமிடம் தந்து கடனைத் தீர்க்கலாம். வலிமை குறைந்ததைத் தருபவர் கூடுதல் நேரம் தர வேண்டும், எவருக்கும் நட்டமில்லை.

இதைக் காணும்போது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலிலுள்ள ஒரு சட்டம் நினைவுக்கு வருகிறது. ஒருவர் தம் குதிரையை, மற்றவர் தம் குதிரையைத் தமக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு இரவல் கொடுத்தால், அது ‘ஆரிய்யத்’ என்னும் இரவலாகாது. செல்லாத வாடகை ஒப்பந்தமாகும் என்பது அதன் கருத்து. காரணம் யாது? எவ்வளவு காலம், எவ்வளவு பயன் என்பது இருதரப்பிலும் அறியப்படவில்லை. அறியாமை பின்னர் பூசலுக்கு வித்தாகும். ஒரு பயனுக்கு ஈடாக மற்றொரு பயனைப் பெறுவது ஷாஃபிஈ மத்ஹபில் விலக்கப்பட்டதன்று. அளவு தெரியாமையே குறை. அமெரிக்கர் இந்நூலைக் கண்டு தம் முறையை வகுத்தவர் அல்லர். எனினும் வலிமையையும் காலத்தையும் அளந்ததன் மூலம், ஃபுகஹாக்கள் அஞ்சிய அதே அறியாமையை அவர்கள் அகற்றியுள்ளனர். சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடுவோரும் ஒருவர் பொருளை ஒருவர் நம்பித் தர முடிவதற்கு இந்த அளவையே துணை.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் போருக்கு முன், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஃப்வான் இப்னு உமைய்யாவிடம் கவசங்களை இரவல் கேட்டார்கள். அவர் அப்போது இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. இது பறிமுதலா என்று அவர் வினவ, இல்லை, பொறுப்பேற்கப்பட்ட இரவல் என்று அண்ணலார் உறுதியளித்தார்கள். போருக்குப் பின் சில கவசங்கள் காணாமற்போக, ஈடு தர முன்வந்தார்கள். தம் உள்ளம் மாறிவிட்டதென்று கூறி ஸஃப்வான் அதனை வேண்டாமென்றார். அன்று வெற்றி பெற்றிருந்தவர் நாயகம் அவர்களே; ஈடு தராதிருந்தால் தட்டிக் கேட்பார் எவரும் இல்லை. ஆயினும் கணக்கைத் தாமே முன்வைத்தார்கள், விட்டுக்கொடுத்தவர் உடைமையாளர். கணக்கு வாங்கியவரின் கடமை. மன்னிப்பு கொடுத்தவரின் உரிமை. இம்முறை தலைகீழாகி, வாங்கியவரே “இதற்கெல்லாம் கணக்கா?” என்று கேட்கத் தொடங்கும்போதுதான் உறவு கெடுகிறது.

எனினும் கணக்கால் எல்லாவற்றையும் அளக்க இயலாது. குதிரைத்திறன் மணி, எஞ்சின் எத்தனை நேரம் பிறரிடம் இருந்தது என்பதைச் சொல்லும். அது எவ்வாறு பேணப்பட்டது என்பதைச் சொல்லாது. இயக்கத்திலுள்ள எஞ்சினை நாள்தோறும் சோதிக்க வேண்டுமென அந்நாட்டின் சட்டம் கட்டளையிடுகிறது. ஆனால் சோதிப்பவர் கண் தம் பொருளைப் பார்ப்பதுபோல் பிறர் பொருளையும் பார்க்கிறதா என்பதை எந்தச் சட்டம் சோதிக்கும்? இரவல் பொருள் தவறின்றி அழிந்தாலும் வாங்கியவர் பொறுப்பு என்கிறது ஷாஃபிஈ மத்ஹப். அனுமதித்த பயன்பாட்டால் வந்த தேய்மானத்திற்கு மட்டும் விலக்களிக்கிறது. அது அமானிதம், வரம்பு மீறினாலன்றிப் பொறுப்பில்லை என்கிறது ஹனஃபி மத்ஹப். தீர்ப்பு வேறுபடினும், பொருளைப் பேணுவது கடமை என்பதில் இரண்டும் ஒன்றே.

கூட்டுறவு போதாமற்போனால் நேர்வது யாது என்பதையும் அதே நாட்டின் வரலாறு காட்டுகிறது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, ரயில் நிறுவனங்களின் தலைவர்கள் ஒரே அமைப்பாகச் செயல்படுவதாக உறுதி பூண்டனர். ஆயினும் நெடுநாளையப் போட்டியும், ஒன்றுகூடுவதற்கிருந்த சட்டத் தடைகளும் குறுக்கே நின்றன. கிழக்குத் துறைமுகங்களை நோக்கிச் சென்ற சரக்குப் பெட்டிகள் இறக்க ஆளும் இடமுமின்றித் தேங்கின. அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று அரசு அவற்றின் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1920 மார்ச் 1ஆம் நாள்தான் அவை உரியவர்களிடம் திரும்பின. மனமுவந்து இணைந்து இயங்க முடியாதபோது, ஆணைக்குக் கட்டுப்பட்டு இயங்க வேண்டியதாயிற்று.

இன்று நம் தெருக்களில் ஏணியும் தேக்சாவும் இரவல் போவது அருகிவருகிறது. கொடுக்க மனமில்லை என்று மட்டும் இதற்குக் காரணம் கூறுவது நீதியாகாது. வாங்கியது வராது, வந்தாலும் வந்தபடி வராது என்ற அச்சமும் ஒரு காரணம். கொடுப்பவரின் தாராளத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம்; வாங்குபவரின் நாணயத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். என்று வாங்கினோம், என்று தருவோம், என்ன நிலையில் தருவோம் என்பதை வாங்குபவரே முந்திச் சொல்லட்டும். கேட்குமுன் திருப்பித் தரட்டும். அப்போது ‘மாஊனை’த் தடுத்துவைக்க எவருக்கும் காரணம் இராது.