கல் தேரும் கிரீஸ் கையும்

குன்றாண்டார்கோவில் குடைவரைக்கு முன்னால் தேர் வடிவில் ஒரு நூற்றுக்கால் மண்டபம் நிற்கிறது. கல்லில் சக்கரம், கல்லில் குதிரை. அதற்குப் பிரேக் போய்விடுமோ என்ற கவலை இல்லை. நம் கார் அப்படியா? நான்கு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் வெடித்து ஓடுகிறது. அதில் ஒன்று தப்பினாலும், பானெட்டைத் திறக்கும் முன்பே காதால் பிடித்துவிடுவார் நல்ல மெக்கானிக். மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டியே தொழில் பழகிய ஜி.டி. நாயுடு, 1920இல் பொள்ளாச்சி–பழனி இடையே பஸ் விட்டார். அந்தப் படிப்பை இன்றும் சித்திரை வெயிலில் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்துதான் படிக்க வேண்டும். சான்றிதழ்? நகக்கண்ணில் ஏறிய கிரீஸ். பில்லைப் பார்த்துப் பேரம் பேசும் முன், மெக்கானிக்குக்கு ஒரு டீ சொல்லுங்கள்.