காப்பதும் பற்றுவதும்

பெங்களூருவின் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. நிறுவனத்தின் பாரம்பரிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு இந்நகரில் தொடங்கிய கைக்கடிகாரத் தொழிலின் வரலாற்றை அங்கே காணலாம். தேர்வில் தேறிய மகனுக்கும், மணமகனுக்கும், பணி ஓய்வு பெறும் ஊழியருக்கும் அளிக்கத்தக்க பரிசாக ஜனதா, பைலட் போன்ற கடிகாரங்கள் பல்லாண்டுகள் விளங்கின. அக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. சாவி கொடுத்து ஓட்டும் அந்தப் பழைய கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று பலர்.

சேர்ப்பவர் எதைத் தேடுகிறார்? கீறல் விழாத உறை, மங்காத முகப்பு, கூடவே வந்த பெட்டி. எவரும் அணியாமல் கிடந்த கடிகாரத்திற்கே முதல் மதிப்பு. பின்மூடியில் யாருடைய பெயராவது பொறிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அது குறையாகவே எண்ணப்படுகிறது. தந்தை ஒருவர் மகனுக்கு ஆசையோடு பொறித்துக் கொடுத்த பெயர், விலைக்காகத் தேய்த்து அழிக்கப்படுவதும் உண்டு.

இதைப் பேராசை என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. இவர்கள் இல்லாவிட்டால் இக்கடிகாரங்களில் பல பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். புதுவண்ணம் பூசி மெருகேற்றிய முகப்பை வேண்டாமென்று மறுத்து, மங்கினாலும் உண்மையானதே வேண்டும் என்று நிற்பதில் ஒருவகைச் சத்தியப் பற்றுகூட இருக்கிறது. எனினும், ஒன்றைக் குறையற்றதாக்குவதற்காக ஓடிக்கொண்டிருக்கும் வேறு இரண்டைப் பிரித்து உதிரி பாகங்களை எடுக்கும்போது, காத்தல் எங்கே முடிகிறது, பற்று எங்கே தொடங்குகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

அபரிக்கிரகம் என்பது பொருளே இல்லாதிருத்தல் அன்று. பொருளை அதன் தர்மத்திற்கு விட்டுவைத்தல் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். கடிகாரத்தின் தர்மம் ஓடுவது. நெடுங்காலம் ஓடாமல் கிடந்தால் உள்ளேயுள்ள எண்ணெய் உலர்ந்து கெட்டிப்படும்; பிறகு அப்படியே ஓட்டினால் சக்கரங்களின் அச்சுகள் தேயும். வெளியே துளி மாசும் இல்லாமல், உள்ளே இறுகிப்போன நிலை.

நேரம் காட்டுவதோடு, பொத்தானை அழுத்தினால் கழியும் வினாடிகளைத் தனியே அளந்து காட்டும் கடிகாரத்திற்குக் குரோனோகிராஃப் என்று பெயர். சேர்ப்பவர்கள் உலகெங்கும் பெரிதும் விரும்புவது இவ்வகையே. அமெரிக்க நடிகரும் கார் பந்தய வீரருமான பால் நியூமனிடம் ரோலக்ஸ் டேடோனா குரோனோகிராஃப் ஒன்று இருந்தது. கவனமாக ஓட்டும்படி வேண்டும் சொற்களை அவர் மனைவி அதன் பின்மூடியில் பொறித்திருந்தார். 1984-இல் ஒருநாள் மகளின் நண்பரான இளைஞரிடம் நியூமன் மணி கேட்டார். தம்மிடம் கடிகாரமே இல்லை என்றார் அவர். உடனே அதையே அவருக்குக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. குறையென்று கருதப்படும் பொறிப்பே அங்கே பெருமையாயிற்று! அந்த விலை புகழுக்கு வந்த விலை, அது கிடக்கட்டும். மனைவி தந்த பொருளை இப்படிக் கொடுக்கலாமா என்றும் சிலர் கேட்கக்கூடும். ஆனால் இல்லாதவன் ஒருவன் எதிரே நின்றபோது, கொடுத்தவர் கை தயங்கவில்லை.

எச்.எம்.டி. பார்வையற்றோருக்கென்றும் பிரெய்ல் கைக்கடிகாரம் செய்தது. கண்ணாடி மூடியைத் திறந்து, முட்களையும் முகப்பிலுள்ள புள்ளிகளையும் விரலால் தடவி மணி அறியவேண்டும். எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும் நாளடைவில் முகப்பு தேயவே செய்யும். ஒரு விரலும் படாத பிரெய்ல் கடிகாரம் கிடைத்தால் சேர்ப்பவர் அதை அரும்பேறாகக் கருதுவார். அது இன்னும் ஒருவருக்கும் மணி சொன்னதில்லை.