வாசிகசாலைத் திறப்பு

விடிய ஆறு மணி. பூட்டைத் திறந்ததும் முதலில் வருவது மணம்தான்: பழைய பேப்பர், வௌவால் எச்சம், இரவு மழையில் ஊறிய சுண்ணாம்பு. சன்னல்களைத் திறந்துவிட்டு விறாந்தையைக் கூட்டுகிறேன். வாங்குகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். மாரியில் கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும். போன வருடம் ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்து அலுமாரியைத் திறந்தால், கீழ்த்தட்டில் புத்தகங்களின் அட்டை மட்டும் மிச்சம்.

*

பெயர்ப்பலகையில் ‘சனசமூக நிலையம்’. ஊர் வாயில் வாசிகசாலைதான். பிரதேச சபையில் ஒரு பதிவு, ஒரு நிர்வாகசபை, வருடத்துக்கொரு பொதுக்கூட்டம். காலையில் முன்பள்ளி, பின்னேரம் பெடியளின் கரம், செத்தவீடு என்றால் கதிரைகள் இங்கிருந்துதான் போகும். சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை.

*

யாழ்ப்பாணப் பொது நூலகமும் இப்படிச் சிறிதாகத்தான் தொடங்கியது: 1933இல் க. மு. செல்லப்பா என்பவரின் வீட்டில். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்குப் போனபோது இருந்தவை 844 புத்தகங்கள். 1981இல் எரித்தபோது ஏறத்தாழ 97,000. எரிந்த கணக்கை எல்லாரும் சொல்கிறோம். கூட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு 844தான் நினைவுக்கு வருகிறது. ஒருவர் இருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எண்ணியிருப்பார்.

*

1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், யாழ். குடாநாட்டில் கரண்ட் இருக்கவில்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். பி.பி.சி. தமிழோசை முடியும்வரை கை மாறி மாறிச் சுற்றுவோம். பேப்பர் கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தது. கோடுகளுக்கு மேலே செய்தி. அந்தத் தாளுக்கும் இந்த விறாந்தையில் வரிசை நின்றது.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமமே வீடுகளை விட்டு வெளிக்கிட்டது. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது வாசிகசாலைக்கு ஓடும் இல்லை, கதவும் இல்லை. திறப்பு மட்டும் அப்பாவின் மடியில் இருந்தது.

*

இப்போதுள்ள கூரை கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தந்தது. பனிக்குள் இரண்டு வேலை செய்து அனுப்பிய காசு. அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. கூரைக்குக் கேட்டால் காசு வரும். மாதாமாதம் பேப்பர்க் காசு கேட்கத்தான் எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் பேப்பர் இல்லாத நாளில் அந்தக் கூரையின் கீழ் ஆளில்லை. அடுத்த கூட்டத்தில் கேட்கத்தான் வேண்டும்.

*

ஏழு மணிக்கு ஒரு பெரியவர் வருவார். முதலில் திறப்பது மரண அறிவித்தல் பக்கம். கொழும்பு, லண்டன், பாரிஸ் எங்கே நடந்தாலும் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பக்கங்கள். தெரிந்த பெயர் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அந்த நேரம் நான் கூட்டுவதை நிறுத்திவிடுவேன்.

*

ஏ.எல். படிக்கும் பெடியன் ஒருவன் நேற்றுக் கேட்டான்: “அண்ணை, வீட்டில சத்தம். இரவில இங்க இருந்து படிக்கலாமோ?” மற்றத் திறப்பை அவனிடம் கொடுத்துவிட்டேன். பின்கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் கொளுவி விழும். அதைச் சொல்ல மறந்துபோனேன். இன்றைக்கு வந்தால் சொல்ல வேண்டும்.