அஞ்சியவரும் சிரித்தவரும்

குறைந்த செலவில் எடுத்த பேய்ப்படம் ஒன்று ஓடும் அரங்கில், ஒரே வரிசையில் இருக்கும் இரண்டு பேர் இரண்டு வேறு படங்களைப் பார்க்கிறார்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார். வெளியே வந்ததும் முதலாமவர் "ராத்திரி தூக்கம் வராது" என்கிறார், மற்றவர் "காசு தண்டம்" என்கிறார். சண்டைப் படத்துக்கும் காதல் படத்துக்கும் இப்படிக் கருத்து பிரிவது உண்டு. அங்கே பேச்சு கதை, நடிப்பு, பாட்டு என்று போகும், வாதாடி ஒருவரை ஒருவர் சற்று அசைக்கவும் முடியும். பேய்ப்படத்தில் அது நடப்பதில்லை. பயம் வந்ததா, வரவில்லையா என்பதே அங்கு முதல் கேள்வி. வராத பயத்தை வாதாடி வரவழைக்க முடியாது, வந்த பயத்தை வாதாடிப் போக்கவும் முடியாது.

இந்தப் பிளவுக்கு உலக அளவில் பேர்போன எடுத்துக்காட்டு 1999இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்'. படப்பிடிப்புக்கு ஆன செலவு சுமார் 60,000 டாலர் என்பார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து காட்டில் எட்டே நாளில், நடிகர்களின் கையிலேயே கேமராவைக் கொடுத்து எடுத்த படம் அது. கதை சுற்றிவரும் சூனியக்காரி ஒரு காட்சியில்கூடத் திரையில் வருவதில்லை. உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் அரங்கிலிருந்து வெளியே வருபவர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் அதற்குக் கிடைத்தது 'சி பிளஸ்'தான். அதன் நாயகி ஹெதர் டோனஹ்யூவுக்கு அந்த ஆண்டின் மோசமான நடிகை என்ற கேலி விருதும் வந்துசேர்ந்தது. ஒரு சாராருக்கு ஆண்டின் ஆகப் பயங்கரமான அனுபவம், இன்னொரு சாராருக்கு மரங்களும் ஆடும் கேமராவும் மட்டுமே.

தமிழில் இதற்கு அருகில் வைக்கத் தகுந்தது கார்த்திக் சுப்புராஜின் முதல் படமான 'பீட்சா'. 2012 அக்டோபரில் வெளியாகி வெற்றி பெற்ற படம், சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் முடிந்ததாகச் சொல்வார்கள். பூட்டிய பங்களா, கையில் ஒரு டார்ச், தனியாக மாட்டிக்கொண்ட பீட்சா கொண்டுவரும் இளைஞன் மைக்கேல். விஜய் சேதுபதி நடித்த அந்த நீண்ட பகுதிதான் பார்த்தவர்களை உலுக்கியது. பின்னால் கதை புரள்கிறது. அந்தப் பங்களாக் கதை முழுவதும், கைக்கு வந்த வைரங்களை மறைக்க மைக்கேல் கட்டிவிட்ட பொய் என்று தெரியவருகிறது. இந்த இடத்தில் பார்வையாளர் இரண்டாகப் பிரிகிறார். "அப்போ இவ்வளவு நேரம் பயந்தது வீணா?" என்று ஏமாந்துபோகிறவர் ஒருவர். தன்னையும் ஏமாற்றிய சாமர்த்தியத்துக்குக் கைதட்டுகிறவர் மற்றவர். பேய் பொய்யாகிப் போனாலும், பயந்த நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது பொய்யில்லை. பயத்துக்குக் காரணம் மெய்யாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

செலவு குறைவதற்கும் கருத்து பிளப்பதற்கும் தொடர்பு உண்டு. பணம் இருந்தால் பேயைக் காட்டலாம்: முகம், பல், ரத்தம், எரியும் வீடு எல்லாம் கணினியில் பிறக்கும். பணம் இல்லாதவர் மறைக்க வேண்டியிருக்கிறது. 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக வால் லூட்டன் தயாரித்த 'கேட் பீப்பிள்' இதற்கு முன்னோடி. இரவில் ஒரு பெண் தெருவில் தனியே நடக்கிறாள், பின்னால் ஏதோ வருவதுபோல் இருக்கிறது, சீறல் கேட்கிறது, திரையில் நுழைவது ஒரு பேருந்து. சிறுத்தையைக் காட்டாமலே சிறுத்தை வந்துவிட்டது. காட்டாமல் விட்ட இடத்தைப் பார்ப்பவர் தம் கையிருப்பிலிருந்து நிரப்ப வேண்டும். நிரப்பியவருக்கு அது பயங்கரம், நிரப்பாதவருக்கு வெறும் இருட்டு. ஆகவே சின்னப் படத்தைப் பற்றிச் சொல்லப்படும் தீர்ப்பில் பாதி, தீர்ப்புச் சொன்னவரைப் பற்றியது.

அந்தக் கையிருப்பு எங்கிருந்து சேர்கிறது என்று பார்க்கக் கோடியக்கரை நல்ல இடம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக் கடலோரம் சட்டென்று மேற்கே திரும்பிப் பாக்கு நீரிணையாகும் முனை அது. காவிரிப் படுகையின் வயல்கள் முடிந்து உப்பளம், சேற்றுப் பரப்பு, வறண்ட பசுமைமாறாக் காடு என்று நிலம் மாறிவிடுகிறது. 1967இல் வெளிமான்களுக்காகச் சரணாலயம் ஆனது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. காட்டோரத்தில் குழகர் கோயில் இருக்கிறது. சுந்தரர் பாடிய தலம். ஏழாம் திருமுறையில் உள்ள அந்தப் பதிகம் வழக்கமான தலப் புகழ்ச்சியாக இல்லை. கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில், அக்கம்பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல், யாரைத் துணையாகக் கொண்டு இருக்கிறீர் என்று இறைவனைக் கேட்கிறார். பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறும் காடு, அருகே பொல்லாத வேடர்கள், உமையோ அஞ்சுகிறாள், இங்கே போய்க் கோயில் கொண்டீரே என்கிறார். ஒரே காடு, ஒரே இரவு, ஒரே ஓசை. அம்மைக்கு அச்சம், அப்பனுக்கு அது வீடு. ஒரே காட்சிக்கு இரண்டு மனம் என்பது இந்த ஊரில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய செய்தி.

அதே ஊரைக் கல்கி 'பொன்னியின் செல்வன்' தொடரில் எடுத்துக்கொண்டார். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்த அந்தக் கதையில், இரவில் காட்டுக்குள் ஓடும் பூங்குழலியைத் துரத்திப்போய் வந்தியத்தேவன் புதைசேற்றில் சிக்குகிறான். அவளே அவனைக் காப்பாற்றுகிறாள். பிறகு சதுப்பில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டுகிறாள். போர்க்களம் பார்த்த வாணர்குல வீரன் திகைக்கிறான், ஓடக்காரப் பெண்ணோ அவற்றைத் தன் காதலர்கள் என்கிறாள். மக்கிய தழைகளிலிருந்து சதுப்பில் கிளம்பும் வாயு எரிவதே அந்த ஒளி என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். விளக்கம் கையில் இருந்தால் பயம் போய்விடும் என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. பூங்குழலியின் துணிவு அறிவியலால் வந்ததில்லை, பழக்கத்தால் வந்தது. எந்த இடத்தில் கால் வைத்தால் சேறு இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். வந்தியத்தேவனுக்கு அது தெரியாது, அவன் திகைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயம் எதிலிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நான்காக வகுத்தது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், மிருகம், திருடன், அதிகாரம் என்று இன்றைய பேச்சில் சொல்லலாம். பேய்ப்படம் முதல் வகையை மட்டுமே கையாளுகிறது. அரங்கில் இருப்பவர் மற்ற மூன்றையும் வாழ்ந்துவிட்டு வந்திருக்கலாம். கடல் எல்லையில் இலங்கைக் கடற்படையின் படகு வெளிச்சம் தம் மேல் விழுந்ததைக் கண்ட மீனவருக்குத் திரையில் மினுக்கும் பல்பு சிரிப்பாகத்தான் இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையைக் கடந்து, கோடியக்கரைச் சரணாலயத்து மரங்களைச் சாய்த்தபோது ஓட்டு வீட்டுக்குள் இருந்தவருக்கு, ஒலிபெருக்கியில் வரும் காற்றின் ஊளை இரண்டில் ஒன்றைச் செய்யும்: ஒன்று அவரைத் தொடாது, அல்லது அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. மேட்டூர் அணைத் திறப்புக்காகக் காத்திருக்கும் வயல்காரர், 2009இல் வந்த அறிவழகனின் 'ஈரம்' படத்தில் ஆவி தண்ணீர் வழியாக வரும்போது எதை நினைப்பார்? தண்ணீர் அவருக்கு முதலில் நெல், பிறகுதான் பேய்.

அதே இலக்கணம் நகைக்கும் நான்கு பிறப்பிடம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பேய்ப்பட அரங்கின் சிரிப்பை இதைக் கொண்டு பிரித்துப் பார்க்கலாம். எள்ளல் சிரிப்பு, மாவு பூசிய முகத்தைக் கண்டு வருவது. படத்தின் குறை அங்கு உண்மையிலேயே இருக்கலாம். இளமைச் சிரிப்பு, பின்வரிசைப் பையன்கள் தங்களுக்குள் தைரியம் காட்ட எழுப்புவது. பல நேரம் அதற்கு அடியில் இருப்பது பயம். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். சிரித்தவர் எல்லாரும் பயப்படாதவர் என்று கணக்கு வைப்பது அதனால் தவறிப்போகிறது.

இதோடு எதிர்பார்ப்பும் சேர்கிறது. ராகவா லாரன்சின் 'முனி' 2007இலும் 'காஞ்சனா' 2011இலும் வந்த பிறகு, பேய்ப்படம் என்றால் குடும்பத்தோடு போய் அலறிச் சிரித்துவிட்டு வரும் படம் என்ற பழக்கம் தமிழ்நாட்டில் ஊன்றியது. அந்தப் பழக்கத்தோடு மிஷ்கினின் 'பிசாசு' (2014) பார்க்கப் போனவருக்குக் கிடைத்தது இறந்த பெண் ஒருத்தியின் பரிவு. பயமுறுத்த வேண்டிய பிசாசு காவல் காக்கிறது. துயரத்தை ஏற்றுக்கொண்டவர் கண் கலங்கினார், திகிலுக்குக் காசு கொடுத்தவர் ஏமாந்தார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுக்கு அந்தப் படத்தின் கதை முடிச்சில் ஓர் இடம் உண்டு. படத்துக்குக் கிடைத்த வரவேற்புக்கும் அதுவே பொருந்தும். இரண்டு பேர் ஒரே வண்டியைப் பார்த்து இரண்டு நிறம் சொன்னால், இருவரில் ஒருவர் பொய்யர் என்று ஆகிவிடாது.

இன்னொரு காரணம் துணை. அஷ்வின் சரவணனின் 'மாயா' (2015) இதையே கதையாக்கியது. பேய்ப்படம் ஒன்றை நள்ளிரவில் அரங்கில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பரிசு என்று அறிவிக்கிறார்கள். கடனில் தவிக்கும், கைக்குழந்தையோடு இருக்கும் தாய் அதற்குத் துணிகிறாள். நயன்தாரா நடித்த அந்தப் பெண்ணுக்குப் பேயைவிடக் கடன் பெரிது. இந்தக் கதையின் அடியில் எல்லாரும் அறிந்த ஒன்று இருக்கிறது: நூறு பேரோடு பார்க்கும் படமும் தனியாகப் பார்க்கும் படமும் ஒன்றாக இருப்பதில்லை. கூட்டத்தில் ஒருவர் அலறினால் பத்துப் பேர் அலறுவார்கள், ஒருவர் சிரித்தால் அலறல் அடங்கிவிடும். அதே படத்தைக் காலையில் பேருந்தில் கைப்பேசியில் பார்ப்பவர் எதற்காக ஊர் பயந்தது என்று வியப்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. அவர் பார்த்தபோது இருட்டு இல்லை, அவ்வளவே.

இதிலிருந்து எழும் வாழ்க்கைக் கேள்வி, அடுத்தவரின் பயத்தை எப்படி நடத்துவது என்பது. வீட்டிலும் தெருவிலும் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. பயந்தவரைக் கேலி செய்வது ஒன்று. கேலி செய்பவர் தம் கையிருப்பே எல்லாருடைய கையிருப்பும் என்று எண்ணுகிறார். பயப்படாதவரை உணர்ச்சியற்றவர் என்று ஒதுக்குவது மற்றது. அவர் எதை எல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகை மாவட்டத்தில் கடல் அலையின் ஓசை ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பொருள் தரவில்லை. அந்த ஆழிப்பேரலை கோடியக்கரையில் மிஞ்சியிருந்த பழைய சோழர் கலங்கரை விளக்கத்தின் எச்சத்தையும் சிதைத்தது. அதே கடலுக்கு மறுபடி படகு இறக்கியவர்களும் இருந்தார்கள், கரைக்கே வராதவர்களும் இருந்தார்கள். இரண்டில் ஒன்றைக் கோழைத்தனம் என்றோ மற்றதைக் கல்நெஞ்சம் என்றோ சொல்ல வெளியே நிற்பவருக்கு உரிமை இல்லை.

எல்லாப் பயமும் சமம், எல்லாப் படமும் நல்ல படம் என்று இதற்குப் பொருள் இல்லை. சரியாக எடுக்காத காட்சி சரியாக எடுக்காததுதான், அதைச் சொல்வது பார்வையாளரின் உரிமை. பேய் ஓட்டுகிறேன் என்று பணம் பறிப்பவரிடம் 'பேய் இல்லை' என்று உரக்கச் சொல்லியே ஆக வேண்டும். மாறாக, இருட்டில் நடுங்கும் பிள்ளையிடம் அந்த வாதம் உதவாது. பேய் இல்லை என்பதைக் கேட்டுத் தலையாட்டிய பிள்ளையும் கொல்லைப்புறத்துக்குத் தனியாகப் போகாது.

சுந்தரர் கோடியக்கரையில் கேட்ட கேள்வி இங்கே திரும்பவும் பொருந்துகிறது. அம்மை அஞ்சுகிறாள் என்பதை அவர் கேலி செய்யவில்லை, அப்பன் அஞ்சாததைப் புகழவும் இல்லை. துணைக்கு யார் என்று கேட்டார். தமிழ் வீடுகளில் அந்தச் சொல் இன்னும் அதே பொருளில் புழங்குகிறது. இரவில் வெளியே போக அஞ்சும் பிள்ளை 'பேய் உண்டா இல்லையா' என்று தீர்ப்புக் கேட்பதில்லை, 'துணைக்கு வா' என்றுதான் கூப்பிடுகிறது. இரண்டாம் ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில், பயந்தவரும் சிரித்தவரும் சேர்ந்து நடந்தால் போதும். படம் நன்றாக இருந்ததா என்ற வழக்கை மறுநாள் வெளிச்சத்தில் பேசிக்கொள்ளலாம்.