பென்சிலில் எழுதிய விடுதலை

ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு போகிற பெண்கள் எதையாவது மறந்துவிட்டுத்தான் போவார்கள். சார்ஜர், ஒற்றைச் செருப்பு, பாதி தீர்ந்த பவுடர் டப்பா. மூன்று மாதம் ஸ்டோர் ரூமில் வைத்திருப்பேன், யாரும் கேட்டு வந்ததில்லை. போன வருஷம் ஒரு கட்டிலுக்கடியில் இங்கிலீஷ் நாவல் ஒன்று கிடந்தது. லோயிஸ் லௌரியின் ‘தி கிவர்’. 1993இல் வந்த புத்தகம், அடுத்த வருஷமே நியூபெரி பதக்கம் வாங்கியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எழுதியது என்பார்கள். எனக்கு 52.

யாரோ பழைய புத்தகக் கடையில் வாங்கி, இங்கிலீஷ் பழகப் படித்திருக்கிறாள். கஷ்டமான சொற்களுக்குமேல் பென்சிலில் தமிழ் அர்த்தம். ஐம்பது பக்கம்வரை நெருக்கமாக இருந்த எழுத்து அப்புறம் குறைகிறது. இங்கிலீஷ் பிடிபட்டிருக்கலாம், கதை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். முதல் அத்தியாயத்திலேயே ‘ரிலீஸ்’ என்று வருகிற இடத்தில் ‘விடுதலை’ என்று எழுதியிருந்தாள்.

கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், படிக்கப்போகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊர். அங்கே பசி இல்லை, சண்டை இல்லை, நிறம்கூட இல்லை. யார் யாரைக் கல்யாணம் செய்வது, எந்தக் குழந்தை எந்த வீட்டுக்கு என்பதையெல்லாம் பெரியவர்கள் குழு முடிவு செய்யும். பன்னிரண்டு வயதில் வேலையை ஒதுக்கிவிடுவார்கள். வயதானவர்களையும், எடை கூடாத குழந்தைகளையும், விதியை மீறியவர்களையும் ‘ரிலீஸ்’ செய்வார்கள். ஊரைவிட்டு வெளியே எங்கோ அனுப்புகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதையின் பின்பாதியில் ஜோனாஸ் என்ற பையன் தன் அப்பா ஒரு சிசுவை ‘ரிலீஸ்’ செய்வதைப் பதிவில் பார்க்கிறான். நெற்றி நரம்பில் ஊசி. அவ்வளவுதான் அந்த விடுதலை.

அந்தப் பக்கத்தில் பென்சில் குறிப்பு எதுவும் இல்லை. முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் ‘விடுதலை’யை அவள் அழிக்கவும் இல்லை.

பதினான்கு வருஷம் தனியார் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தவள் நான். அவள் எழுதியது தப்பு என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. தமிழில் ‘விடு’ பொல்லாத வேர்ச்சொல். விடுதலை அதிலிருந்து வந்தது. விடுமுறை வந்தது, நான் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருக்கிற விடுதியும் வந்தது. குடியிருக்கிற இடத்துக்கும் மோட்சத்துக்கும் நம் மொழியில் ஒரே பெயர், வீடு. போய்ச் சேருகிற இடமா, விட்டுவிட்டுப் போவதா என்ற குழப்பத்தை மொழி தீர்த்துவைக்காமல் அப்படியே வைத்திருக்கிறது.

இந்தக் குழப்பத்தை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கையில் எடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் என்றதும் கார் கம்பெனியும் செல்போன் கம்பெனியும், கொஞ்சம் வயதானவர்களுக்கு 1991 மே 21 ராத்திரி நடந்த ராஜீவ் காந்தி கொலையும் ஞாபகம் வரும். எனக்கு முதலில் ஆதிகேசவப் பெருமாள் கோயில். ராமானுஜர் 1017இல் இங்கே பிறந்தார் என்பது மரபு. அவர் உயிரோடு இருக்கும்போதே செய்த விக்கிரகம், அவரே தழுவிக்கொண்டது என்பதால் ‘தான் உகந்த திருமேனி’ என்று பெயர். மாதாமாதம் திருவாதிரையில் அப்பா என்னைக் கூட்டிப்போவார். எனக்கு அப்போது புளியோதரையில்தான் கண்.

முக்தியில் ‘நான்’ கரைந்துபோகும் என்று சொன்னவர்களோடு ராமானுஜர் விடாமல் வாதாடினார். தான் அழிவதுதான் மோட்சம் என்று தெரிந்தால், அந்தப் பேச்சை எடுத்ததுமே ஒருவன் எழுந்து போய்விடுவான் என்கிற பொருளில் ஸ்ரீபாஷ்யத்தில் எழுதியிருக்கிறார். கேட்டால் சிரிப்பு வருகிற வாதம், ஆனால் அசைக்க முடியாது. விடுதலை கிடைத்தது என்றால் கிடைத்தவள் ஒருத்தி இருக்கணுமே. வேறுபாடே இல்லாத அறிவு என்று ஒன்று கிடையாது, எதை அறிந்தாலும் இன்ன தன்மையுள்ள பொருள் என்றுதான் அறிகிறோம் என்பது அவருடைய இன்னொரு பிடி. ஜோனாஸ் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற ஆப்பிள் ஒரு கணம் என்னவோ மாதிரி மாறுகிறது. அதற்குச் சிவப்பு என்று பெயர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அந்த இடத்தைப் படித்தபோது, எதிரே வாதாட வந்திருக்கிறவரிடம் ராமானுஜர் அந்த ஆப்பிளைத்தான் நீட்டியிருப்பார் என்று தோன்றியது.

இதைப் படிக்கிற உங்களில் சிலர், ஒரே சீருடை, கழுத்தில் கார்டு, மூன்று ஷிப்ட் என்று இருக்கிற எங்கள் ஒரகடம்தான் நாவலில் வருகிற ஊர் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறந்த பெண்கள் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள், செலவு 706.50 கோடி ரூபாய். எண்ணைக் கேட்டாலே சிலருக்கு மூச்சு முட்டுகிறது. எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. முதல் மாதச் சம்பளத்தில் ஜிமிக்கி வாங்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் விட்டுவந்த ஊரில் யார் எந்தத் தெருவில் இருப்பது, யாரைக் கட்டுவது, எந்த வேலை செய்வது என்று சாதி முடிவு செய்கிறது. பன்னிரண்டு வயதுவரை காத்திருக்கிற பொறுமைகூட அதற்குக் கிடையாது. லௌரியின் பெரியவர்கள் குழுவை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்றால் அது கம்பெனி கேட்டில் இல்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. நாவலில் வருகிற ஊரின் பழைய ஞாபகங்கள் அத்தனையும், பனியும் வெயிலும் போரும் பசியும், ஒரே ஒரு கிழவரிடம் இருக்கின்றன. மற்றவர்கள் நிம்மதியாக இருப்பதற்காக அவர் ஒருவர் மட்டும் வலியைச் சுமக்கிறார். ஜோனாஸ் அவருக்கு அடுத்த வாரிசு.

வார்டன் வேலையும் பாதி அதுதான். ஊரிலிருந்து போன் முதலில் எனக்குத்தான் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது. போளூர்ப் பக்கத்துப் பெண், அப்பா அம்மா இல்லை, தாத்தா வளர்த்தவர். பேசியது மாமா. “மேடம், பெரியவர் தவறிட்டாரு. பாப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க. ராத்திரி ஷிப்ட்ல இருக்கும். காலைல, தாத்தாவுக்கு சீரியஸ்னு மட்டும் சொல்லி பஸ் ஏத்தி விட்டுடுங்க, தனியா வரணும் பாருங்க.” நம் ஊரில் சீரியஸ் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். சொல்கிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களும் தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். காலையில் அப்படியே சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாள். நான் அவுட்பாஸ் நோட்டில் கையெழுத்து வாங்கினேன்.

காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்தவள் ஒரு வாரம் கழித்து ஆபீஸ் ரூமில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கிலோ சாத்துக்குடி வாங்கியிருக்கிறாள். செய்யாறு, ஆரணி என்று பஸ் மாறி மாறி அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் எதிரே தாத்தா படம் போட்ட கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். “அக்கா, அந்தப் பையை எங்க வைக்கிறதுன்னே தெரியலக்கா. எல்லாரும் பையத்தான் பாத்தாங்க.” என்மேல் கோபம் இருப்பதாகச் சொல்லவில்லை. அந்தப் பையைப் பற்றி மட்டும்தான் பேசினாள்.

லௌரி இந்த நாவல் எப்படி முளைத்தது என்று சொல்லியிருக்கிறார். முதியோர் இல்லத்தில் இருந்த அவருடைய அப்பாவுக்கு மறதி. மூத்த மகள் ஹெலன் இளம் வயதிலேயே இறந்ததை மறந்துவிட்டார். படத்தைக் காட்டி அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாராம். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. மறந்துபோனது அவருக்கு ஒருவகையில் நல்லதுதானே என்று லௌரிக்கு ஒரு கணம் தோன்றியிருக்கிறது. எனக்கு அந்த ஒரு கணம் ஒன்பது வருஷமாக வேலை முறையாகவே இருந்திருக்கிறது.

கதையில் ஜோனாஸ், அடுத்து ‘ரிலீஸ்’ ஆகவிருந்த ஒரு கைக்குழந்தையை சைக்கிளில் வைத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிறான். அவன் தூரமாகப் போகப் போக அவனிடம் இருந்த ஞாபகங்கள் ஊராரிடம் திரும்பும் என்பது ஏற்பாடு. யாரும் கேட்காத வலி ஒரே ராத்திரியில் எல்லார் தலையிலும் இறங்கும். இங்கே எனக்குத் திருக்கோஷ்டியூர் ஞாபகம் வந்தது. பதினெட்டு தடவை நடந்து குரு திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பெற்ற ரகசியத்தை, யாருக்கும் சொல்லக்கூடாது என்ற கட்டளையை மீறி, ராமானுஜர் கோயிலில் உயரமான இடத்தில் நின்று கூடியிருந்தவர்களுக்கெல்லாம் சொன்ன கதை. உனக்கு நரகம்தான் என்று குரு கோபித்தபோது, இத்தனை பேர் கரையேறுவதென்றால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றாராம். நம்பி மனம் கரைந்து அவரை எம்பெருமானார் என்று அழைத்தார்.

அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது உயரத்தைத்தான் அழுத்திச் சொல்வார். இப்போது எனக்கு வேறொன்று படுகிறது. அவர் சொன்னது நல்ல செய்தி, கேட்க வந்தவர்களுக்குச் சொன்னது. தண்டனையை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார். ஜோனாஸ் கையில் இருந்தது கெட்ட செய்தி, கேட்டவர் யாருமில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பையனைத் திட்டிக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் கிழவரைக் கவனித்தேன். அவரும் கூட ஓடிப்போகலாம், ஜோனாஸ் கெஞ்சிக் கேட்கிறான். அவர் போகவில்லை. ஞாபகம் வந்து விழும்போது அந்த ஜனங்கள் தவித்துப்போவார்கள், யாராவது பக்கத்தில் இருக்கணும் என்று தங்கிவிடுகிறார். புத்தகத்தின் தலைப்பு அவர் பெயர்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இந்த ஆனி மாதம் மறுபடி ஒரு போன். வேறு பெண், ஒடிசாவிலிருந்து வந்தவள், அப்பா. அண்ணன் இந்தியில் அதே வேண்டுகோள் வைத்தான். சீரியஸ் என்பதற்கு அங்கேயும் அதே சொல்தான். நெடுந்தூர ரயில், தனியாகப் போக வேண்டியவள். சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். தூக்கம் வரவில்லை. காலை ஏழு மணிக்கு ராத்திரி ஷிப்ட் பஸ் வந்தபோது கேட்டில் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். “பாபா நஹீ ரஹே.”

அவள் அழவில்லை. ரோட்டில் வைத்தா சொல்வது, எல்லார் முன்னாலும் சொல்வதா என்று கத்தினாள். அவள் சொன்னது நியாயம். அதை நான் யோசிக்கவே இல்லை. அண்ணனும் போனில் திட்டினான். டிக்கெட் எடுத்து, சமையல்கார அம்மாவைத் துணைக்குச் சென்ட்ரல்வரை அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு மனசு கேட்காமல் நானே கூடப் போனேன். ரயில் கிளம்புகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

இருபது நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். தினமும் நோட்டில் கையெழுத்துப் போடும்போது மற்றவர்களெல்லாம் “அக்கா” என்று ஒரு தடவையாவது கூப்பிடுவார்கள். இவள் பேனாவை எடுக்கிறாள், போடுகிறாள், போகிறாள். நாவலை ஆபீஸ் மேஜைமேலேயே வைத்திருக்கிறேன். யாருடையது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.