வீழ்ச்சியின் விதியும் தேர்வின் கேள்வியும்

உயரத்திலிருந்து விழும் உடலின் வேகம் தரையைத் தொடும்வரை கூடிக்கொண்டே போவதில்லை. காற்றின் தடை எடைக்கு ஈடாகும் கணத்தில் அது நிலைபெற்றுவிடுகிறது. முற்றுத் திசைவேகம் எனப்படும் இவ்வெல்லை, கைகால் விரித்து விழும் மனிதருக்கு மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அரை கிலோமீட்டர் விழுவதற்குள் உடல் இதை நெருங்கிவிடுவதால், அதற்கு மேலுள்ள உயரம் மோதலின் கடுமையைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. அந்த வேகம் எவ்வளவு தொலைவில் அழிகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது: அரை மீட்டரில் அழிந்தால் உடல் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் முந்நூறு மடங்கு எதிர்முடுக்கத்துக்கு ஆளாகிறது, கிளைகளும் பனியும் அத்தொலைவை ஐந்து மீட்டராக நீட்டினால் அது முப்பது மடங்காகக் குறைந்து, ஒரு நொடியின் சிறு பகுதியளவே நீடிப்பதால், தாங்கக்கூடியதாகிறது. 1944இல் எரியும் போர்விமானத்திலிருந்து ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் வான்குடையின்றிக் குதித்த நிக்கலஸ் ஆல்க்மேட் பைன் மரங்களின் மீதும் பனியின் மீதும் விழுந்து பிழைத்தது இவ்வாறே.

இத்தகைய பிழைப்பை அற்புதம் என்று, அதாவது இயற்கையின் ஒழுங்கை மீறிய இறைச்செயல் என்று, கொள்ளலாமா? 1670இல் வெளியான தம் இறையியல்-அரசியல் ஆய்வுநூலில் ஸ்பினோசா, இயற்கையின் ஒழுங்கே இறைவனின் ஒழுங்கு என்றும், காரணம் அறியப்படாத நிகழ்வுக்கே மக்கள் அற்புதம் எனப் பெயரிடுகின்றனர் என்றும் வாதிட்டார். இங்கோ காரணம் பெருமளவு தெரிந்தே இருக்கிறது. ஆயினும் பிழைத்தவரின் கேள்வி அதனால் அடங்குவதில்லை. 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டுக் காட்டின் மேல் விமானமொன்று மின்னல் தாக்கிச் சிதைந்தபோது, பதினேழு வயது யூலியானே கெப்கே இருக்கையோடு பிணைக்கப்பட்டபடி சுமார் மூன்று கிலோமீட்டர் விழுந்து, பதினொரு நாள் காட்டில் அலைந்து மீண்டார். மற்ற 91 பேரும் மாண்டனர். இருக்கை வரிசை சுழன்று வேகத்தைக் குறைத்திருக்கலாம், அடர்ந்த மரக்கூரை மோதலை மென்மையாக்கியிருக்கலாம் என்ற விளக்கங்கள், அவர் எவ்வாறு பிழைத்தார் என்பதைச் சொல்கின்றனவேயன்றி, ஏன் அவர் மட்டும் என்பதைத் தொடுவதே இல்லை.

விதியின் வழியாகவே இறைவன் செயல்படுகிறான் என்னும் நம்பிக்கைக்கு இயற்பியல் தடையன்று. ஆனால் அவ்வாறு நம்புவோர், ஒருவரைத் தாங்கிய விதியும் மற்றவரை நொறுக்கிய விதியும் ஒன்றே என்பதையும் ஏற்றாக வேண்டும். பிழைத்தவரின் நன்றி முற்றிலும் நியாயமானது, புனிதமானதும்கூட. அது, தாம் தேர்ந்தெடுக்கப்பட்டதாகச் சொல்லும் கோட்பாடாக மாறும்போதுதான் இறந்தவர்களுக்கு அநீதி இழைக்கிறது. அக்கோட்பாட்டை முன்வைப்பவர், அதே விமானத்தில் மகளின் அருகில் அமர்ந்திருந்து மாண்ட பறவையியலாளர் மரியா கெப்கே ஏன் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்.