நேராக நின்ற ஸ்டீயரிங்

தேங்காய் ஏற்றுவதற்காக வாங்கிய எங்கள் புதிய லாரி, வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்கோவில் வரை நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியபோதும், அதன் ஸ்டீயரிங் மட்டும் இடப்புறம் இரண்டு விரற்கடை சாய்ந்தே நின்றது. கழற்றி நேராக மாட்டிவிடலாமே என்றேன். முதிய மிஸ்திரியோ, "கண்ணுக்குத்தான் நேராகும் ஐயா, உள்ளே ஸ்டீயரிங் பெட்டி நடுவில் நிற்காது" என்று கூறி, அடியிற் படுத்து, பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கின் கிளாம்பைத் தளர்த்திக் கம்பியைச் சிறிது சிறிதாகத் திருகினார்.

உடலைத் தேராகவும் புத்தியைச் சாரதியாகவும் மனத்தைக் கடிவாளமாகவும் உருவகித்த கடோபநிஷத்தை அப்போது நினைத்தேன். வெளியே ஆசாரத்தைத் திருத்தினால் உள்ளே அந்தக்கரணம் தானே திருந்திவிடுமா? திருந்தாது என்பதே என் துணிபு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரையும், வடம் பிடிப்போர் ஆயிரம்பேர் இருப்பினும், சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை இடுபவரே வீதியில் திருப்புகிறார். மிஸ்திரி எழுந்தபோது அவர் முதுகெல்லாம் செம்மண். ஸ்டீயரிங் நேராக நின்றது.